தொட்டிப் பேய்

எங்கள் கடையில் அவளை எல்லோரும் நீலக்கை என்றுதான் கூப்பிடுவோம். பெயர் வைத்தது நான்தான். பட்டப்பெயர் இலாகா என்னுடையது. நான் பில் போடுகிறவள். அவள் துடைக்கிறவள், அடுக்குகிறவள், சாயங்காலமானால் சாயம் ஊற்றுகிறவள்.

தேதி முடிந்த பிரெட், பன் எல்லாவற்றையும் உறை பிரித்துப் பின்பக்கத் தொட்டியில் கொட்ட வேண்டும். பிறகு அதன் மேல் நீலச் சாயத்தை ஊற்ற வேண்டும். யாரும் எடுத்துத் தின்றுவிடக் கூடாதாம். "ஓசியில கிடைச்சா எவன் காசு குடுத்து வாங்குவான்?" என்பார் மேனேஜர். அந்த ஆளிடம் நியாயம் பேசினால் நமக்குத்தான் வயிற்றெரிச்சல். தொட்டிக்கு மேலே கேமரா வேறு. ஊற்றாமல் விட்ட ஒருத்தியை மறுநாள் காலையிலேயே வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அவள் இடத்துக்கு வந்தவள்தான் நீலக்கை. கையுறை கேட்டாள், அடுத்த மாசம் என்றார்கள். அந்த மாசம் இன்னும் வந்தபாடில்லை.

அவள் கணவர் கிடங்கில் மூட்டை தூக்குகிறவர். விலை ஏற ஏறச் சரக்கு குறைந்தது, சரக்கு குறையக் குறைய அவருக்கு வேலையும் குறைந்தது. வீட்டில் இரண்டு பெண் பிள்ளைகள், அடுப்பு பற்றவைக்கும்போதே தட்டோடு வந்து உட்காருகிற வயது. அரிசிக்குப் புது விலைச்சீட்டு ஒட்டுவதும் இவள் வேலைதான். "ஏறினது எனக்குத்தான்டி முதல்ல தெரியும். தெரிஞ்சு என்ன கிழிக்கப் போறேன்?" என்பாள்.

மதியம் நான் டப்பாவைத் திறந்தால் அவள் குழாய்ப் பக்கம் போய்விடுவாள். நீட்டினால், "இப்பதான்டி சாப்பிட்டேன், வயிறு கல்லு மாதிரி இருக்கு" என்பாள். வீட்டிலோ, கடையில் சாப்பாடு போடுகிறார்கள் என்று சொல்லி வைத்திருந்தாள். எங்கள் கடையில் பச்சைத் தண்ணீர்தான் போடுவார்கள். கணவரும் கிடங்கிலேயே சாப்பிட்டாயிற்று என்று சொல்லித் தன் பங்கைப் பிள்ளைகள் பக்கம் தள்ளிவிடுவாராம். மனுஷன் அந்த விஷயத்தில் அதிர்ஷ்டக்காரர் என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

கடை மூடி, பின்பக்க இரும்புக் கதவையும் பூட்டிய பிறகு அவள் தரை துடைப்பாள். அந்த நேரம் பார்த்து வெளியே தொட்டியின் மூடி கிறீச்சிடும். அப்புறம் டொக், டொக், டொக். ஒட்டிய சாயத்தை உதற, காய்ந்த பிரெட்டை யாரோ தொட்டி விளிம்பில் தட்டுகிற சத்தம். பூட்டிய கதவைத் திறக்க எங்களுக்கு அனுமதி இல்லை. "தொட்டிப் பேய் வந்தாச்சுடி. விலைவாசி பேய்க்கே கட்டுப்படியாகல போல" என்று நான் சொல்லப்போக, காய்கறிப் பக்கத்துப் பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

நீலக்கை சிரிக்கவில்லை. துடைப்பத்தைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். "நான் ஊத்தினதத் தின்னுறாங்கடி யாரோ" என்றாள்.

அதிலிருந்து அந்தச் சத்தம் அவளை விடவில்லை. வீட்டில் தட்டு எடுத்து வைத்தாலும் டொக் என்கிறது என்றாள். கண்ணை மூடினால் ஒரு வாய் மட்டும் தெரிகிறதாம், உதடெல்லாம் நீலமாக. சோப்புப் போட்டுக் கையைத் தேய்த்துத் தேய்த்துத் தோல் உரிந்ததுதான் மிச்சம். "ஒரு நாள் ஊத்தாம விட்டா என்னடி?" என்று என்னைக் கேட்டாள். "உன் பிள்ளைங்க முகத்த நினைச்சுப் பாரு" என்றேன். பார்த்தாள் போலிருக்கிறது, ஊற்றினாள்.

சம்பளம் வந்த அன்று பிள்ளைகளுக்காக ஒரு புது பிரெட் வாங்கிப் போனாள். மறுநாள் அவள் குழாயடியில் நின்று சொன்னதைத்தான் சொல்கிறேன். பிள்ளைகள் விடாப்பிடியாக அப்பா கையிலும் ஒரு துண்டைத் திணித்திருக்கிறார்கள். அவர் அதை வெளிச்சத்தில் பிடித்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தார். தட்டின் விளிம்பில் தட்டினார். புது பிரெட், சத்தமே வரவில்லை. ஆனால் தாளம் அதே தாளம். பிறகு சுற்றிலும் ஓரத்தைப் பிய்த்துப் போட்டுவிட்டு நடுவை மட்டும் வாயில் வைத்தார்.

"அப்பா, நல்ல பிரெட்டுப்பா! ஏன் பிச்சுப் போடறீங்க?" என்றாள் சின்னவள்.

அவர் தன் கையையே பார்த்தார். "பழக்கதோஷம்டா கண்ணு" என்று சிரித்தார். பிள்ளைகள் அந்த ஓரங்களையும் பொறுக்கித் தின்றார்கள்.

பிள்ளைகள் வெளியே போனதும் இவள் சொன்னாள், "அத ஊத்தறது நான்தாங்க."

"தெரியும்."

கையிலிருக்கிற நீலம் விலைச்சீட்டு மை என்றுதானே அவரிடம் சொல்லியிருந்தாள். "எப்படித் தெரியும்?"

"உன் கையப் பாக்காமலா இருக்கேன்? அதே நீலந்தானே."

"நாளையிலேர்ந்து ஊத்த மாட்டேன்."

மனுஷன் பதறிவிட்டாராம். "பைத்தியமா உனக்கு? இருக்கிற ஒரு வேலையும் போயிடும். நீ எப்பவும் போல ஊத்து. நான் பிச்சுக்கறேன்."

இதைச் சொல்லும்போது அவள் அழவில்லை. நான்தான் அழுதேன். மேனேஜர் மேல் வந்த கோபத்தில் அன்று முழுக்க யாருக்கும் ஒழுங்காகப் பில் போடவில்லை.

அன்று சாயங்காலமும் அவள் ஊற்றினாள், கேமராவுக்கு நன்றாகத் தெரியும்படி நிறையவே ஊற்றினாள். கடை மூடிக் கதவைப் பூட்டினோம். கொஞ்ச நேரத்தில் மூடி கிறீச்சிட்டது. "பேய் வந்தாச்சு" என்றாள் காய்கறிப் பக்கத்துப் பெண், என் பழைய கேலியை எடுத்துக்கொண்டு. "வாயை மூடுடி" என்று கத்திவிட்டேன்.

டொக், டொக், டொக்.

நீலக்கை துடைப்பத்தைச் சாய்த்து வைத்துவிட்டுக் கதவருகே போனாள். இந்தப் பக்கமிருந்து விரலால் மெதுவாக அதே மாதிரி தட்டினாள். வெளியே சத்தம் நின்றது. அவள் கதவில் கையை வைத்தபடியே நின்றாள்.

கொஞ்ச நேரம் கழித்து, வெளியே அவர் மறுபடியும் தட்ட ஆரம்பித்தார்.