தமிழ் வானொலியில் போடாத கௌபாய் பாட்டு

வானொலி அறிவிப்பாளரே, நீர் பொய் சொன்னீர். அதுவும் ரொறொன்ரோ முழுக்கக் கேட்கச் சொன்னீர்.

தொண்ணூறுகளின் நடுவில் நான் ரொறொன்ரோவுக்குப் பக்கத்தில், பிறம்ரனில் ஒரு வேர்ஹவுஸில் லொறிகளுக்குப் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்தேன். அங்கே ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியவர் ஒரு வெள்ளைக்காரக் கிழவர். அவருக்கு உலகத்தில் ஒரே ஒரு பாட்டுத்தான். அவர் சின்னப் பிள்ளையாக இருந்தபோது வந்த அமெரிக்கக் கௌபாய் நடனப் பாட்டு. அந்த வகைக்கு வெஸ்டேர்ன் ஸ்விங் என்று பெயர். இரண்டு வயலின்கள் ஒன்றையொன்று துரத்தும். ஊடே ஸ்டீல் கிற்றார் வழுக்கிக்கொண்டு போகும். யாரோ கிள்ளிவிட்டதுபோலப் பாடகர் நடுவில் ஒரு கத்துக் கத்துவார். அதில் அழுகையும் இல்லை, தத்துவமும் இல்லை. கால் சும்மா இருக்காது, அவ்வளவுதான்.

அந்த ஒரே பாட்டை வெவ்வேறு குழுக்கள் வாசித்த கசெற்றுகள் அவரிடம் ஒரு சப்பாத்துப் பெட்டி நிறைய இருந்தன. பியானோவில் ஒன்று, பள்ளிக்கூட பாண்ட் வாசித்தது ஒன்று, ஜெர்மன்காரர் பாடியது ஒன்று. அவரைப் போன்ற பைத்தியங்கள் சனிக்கிழமைகளில் ஒரு மண்டபத்தில் கூடி, எந்த வயலின்காரர் பெரியவர் என்று சண்டை பிடிப்பார்கள். ஒருமுறை என்னையும் கூட்டிப் போனார். முழங்கால் ஆபரேஷன் செய்தவர்களும் ஆடினார்கள். பாட்டு முடிந்ததும் மறுபடி அதையே போடச் சொன்னார்கள். சினிமாப் பாட்டுக்காரருக்காக நாங்கள் அடிபடுவதைவிட இது மோசமில்லை.

அவர் ஓய்வு பெறும் நாள் வந்தது. தன் மனைவியின் பெயரோடு அந்தப் பாட்டு ஒருநாளாவது ரேடியோவில் போக வேண்டும் என்பது அவருடைய ஆசை. ஆங்கில நிலையங்கள் திரும்பியும் பார்க்கவில்லை. எங்கள் தமிழ் வானொலியில் நேயர் விருப்பம் இருக்கிறது, மாமியின் பூனைக்குக்கூட வாழ்த்துச் சொல்லிப் பாட்டுப் போடுவார்கள் என்று நான் பெருமையடித்தேன். முதல்நாளே அவருடைய கசெற்றை உம்முடைய கையில் தந்தேன்.

"ஓம் அண்ணை, போட்டுவிடுறன்" என்றீர்.

மறுநாள் மதியம் சாப்பாட்டு அறையில் கேக் வெட்டினோம். கிழவரின் மனைவியும் வந்திருந்தார். தமிழ் வானொலி கேட்பதற்கென்றே நாங்கள் வாங்கிய தனி ரேடியோப் பெட்டியை வீட்டிலிருந்து தூக்கிவந்து மேசையில் வைத்தேன். அங்கிருந்த போனில் உம்மைப் பிடித்தேன். நீர் ஒலிபரப்பிலேயே சிரித்தீர்.

"அண்ணை, இது தமிழ் வானொலி. உந்தக் குதிரைக்காரன்ர பாட்டை ஆர் கேக்கிறது? கனடா வந்து மாடு மேய்க்கிறீங்களோ?"

லைனை வெட்டினீர். பிறகு நேயர்களுக்குப் பாடம் எடுத்தீர்.

"இசை எண்டா இதுதான். வெள்ளைக்காரன் தலைகீழா நிண்டாலும் இப்பிடியொரு மெட்டுப் போடமாட்டான்."

சொல்லிவிட்டு ஒரு பழைய தமிழ்ச் சினிமாப் பாட்டைப் போட்டீர்.

முதல் வரி முடியவில்லை, கிழவர் கேக்கை வைத்துவிட்டு எழும்பினார். அதே மெட்டு. வயலின் இருந்த இடத்தில் ஷெனாய். கத்து விழ வேண்டிய இடத்தில் பாடகியின் விக்கல். கிழவர் மனைவியின் கையைப் பிடித்து மேசைகளுக்கிடையில் ஆடினார். இது தன்னிடம் இல்லாத பதிவு என்று எல்லோரிடமும் சொன்னார்.

அறிவிப்பாளர் என்ன சொன்னார் என்று என்னிடம் கேட்டார். எனக்கு மெழுகிப் பேச வராது. அப்படியே மொழிபெயர்த்தேன். அவருக்குக் கோபமே வரவில்லை.

"இவ்வளவு பாட்டு இருக்க ஏன் இதை எடுத்தான்? என் கசெற்றைக் கேட்டிருக்கிறான். மண்டைக்குள் புகுந்துவிட்டது. பாவம், அவனும் எங்கள் ஆள்தான்" என்றார்.

அவருக்கு அது போதும். எனக்குப் போதாது. அந்த அம்மாவின் பெயர் ரேடியோவில் போகவில்லை. பிறகு நான் போன் எடுத்தபோதெல்லாம், குரலைக் கேட்டதும் லைனை வெட்டினீர். கசெற்றையும் திருப்பித் தரவில்லை. பிடிக்காத பாட்டை யார் இத்தனை காலம் வைத்திருப்பார்? இப்போது உமக்கு மேடைக்கு மேடை பொன்னாடை. விட்பியில் மகளோடு இருக்கும் கிழவர், நான் போகும்போதெல்லாம் நீர் ஒத்துக்கொண்டீரா என்று சிரித்துக்கொண்டே விசாரிக்கிறார்.

எனக்குத் தனியாகச் சொல்ல வேண்டாம். உம்முடைய நேயர் விருப்பத்தில், மைக்குக்கு முன்னால், அவருடைய மனைவியின் பெயரை முதலில் சொல்லிவிட்டுப் பதில் சொல்லும். அந்தக் கசெற்றை எத்தனை தரம் கேட்டீர்?