முழுங்கு என்று சொல்லக் கூடாத அறை

எங்கள் எக்ஸ்ரே பிரிவில் அவருக்கு உம்மணாமூஞ்சி அக்கா என்று பெயர். முகத்துக்கு நேராகவே அப்படிக் கூப்பிடுவோம். அதற்கும் சிரிக்க மாட்டார். குழந்தைகள் விழுங்குவதைப் படம் பிடிக்கிற அறை அவருடையது. தான் சிரித்தால் குழந்தையும் சிரிக்கும், வாயில் இருப்பது மூக்கு வழியாக வரும், பரிசோதனை பாழாகும் என்பார். பக்கத்து அறையில் கை கால் எலும்பைப் படம் எடுக்கிற எனக்கு இந்த வம்பெல்லாம் கிடையாது. எலும்பு அடம் பிடிக்காது.

அவர் கொடுப்பது பேரியம். சுண்ணாம்பைக் கரைத்தது மாதிரி வெள்ளையாக இருக்கும். அது உள்ளே இறங்கினால்தான் தொண்டையும் உணவுக்குழாயும் திரையில் தெரியும். ஒவ்வொரு கோப்பையையும் முதலில் தானே ஒரு வாய் குடித்துப் பார்ப்பார். தான் குடிக்காததை ஊரார் பிள்ளைக்கு எப்படி நீட்டுவது என்பது அவர் கட்சி. அந்த அறையில் யாரும் 'முழுங்கு' என்று சொல்லக் கூடாது. சொன்னால் தொண்டை பூட்டிக்கொள்ளுமாம். கண்ணாடிக்குப் பின்னால் நின்று படம் பார்க்கிற டாக்டரே ஒருமுறை வாய் தவறிச் சொல்லிவிட்டு அக்காவின் பார்வையை வாங்கிக் கட்டிக்கொண்டார். அக்காவின் வீட்டுக்காரர் பஸ் ஓட்டுகிறவர். சாப்பிட உட்கார்ந்தால் தன் மூஞ்சியை விட்டுவிட்டுத் தொண்டையையே பார்க்கிறாள் என்று எங்களிடம் வந்து புலம்புவார்.

ஒருநாள் காலையில் ஒரு தச்சர் தன் நாலு வயது மகனைத் தூக்கி வந்தார். பையன் ஈர்க்குச்சி மாதிரி இருந்தான். பால் இறங்கும், கெட்டியாக எது கொடுத்தாலும் வெளியே வந்துவிடும். முன்பு வேறோர் இடத்தில் பேரியத்தைக் குடிக்க மட்டும் வைத்துப் படம் எடுத்து, ஒன்றுமில்லை என்று அனுப்பியிருந்தார்கள். அன்றிலிருந்து வீட்டில் அது நோய் இல்லை, திமிர் என்று முடிவாகிவிட்டது. எங்கள் டாக்டர், ரொட்டியில் பேரியத்தைத் தடவிக் கொடுத்துப் பார்க்கச் சொல்லியிருந்தார்.

"இன்னைக்கும் ஒண்ணும் இல்லேன்னு வரட்டும் மேடம். அப்புறம் இவன எப்படி வழிக்குக் கொண்டு வர்றதுன்னு எனக்குத் தெரியும்" என்றார் தச்சர்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பையனைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டுமே என்று என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். ரொட்டியைப் பார்த்ததுமே பையன் பல்லைக் கடித்துக்கொண்டான். அவன் தின்னாவிட்டால் படம் இல்லை. படம் இல்லாவிட்டால் அவன் பாடு அவ்வளவுதான். தச்சர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு முன்னால் வந்தார்.

அக்கா அவரைத் தடுத்து, கதிர் படாமலிருக்கக் கனமான ஈய அங்கியை மாட்டிவிட்டு, மகனுக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார். வெள்ளை தடவிய துண்டு ஒன்றை அவர் கையிலும் கொடுத்து, நீங்களும் சாப்பிடுங்கள் என்றார். தச்சர் மென்றார். அவர் முகம் போன கோணலைப் பார்த்து எனக்கே சிரிப்பு முட்டியது. அப்பாவுக்கும் பிடிக்காத ஒன்று உலகத்தில் இருக்கிறது என்பதைப் பையன் அப்போதுதான் கண்டுபிடித்தான் போலிருக்கிறது. மெதுவாக வாயைத் திறந்தான். அக்கா சின்னத் துண்டாக வைத்தார்.

திரையில் அது தொண்டையைத் தாண்டியது, நெஞ்சுக்குள் இறங்கியது, வயிற்றுக்குச் சற்று மேலே நின்றுவிட்டது. மேலே ஊற்றிய ஒரு மடக்குப் பேரியமும் அதன் தலையில் தேங்கியது.

"அங்கயே நிக்குதே" என்றார் தச்சர்.

குழாய் அந்த இடத்தில் குறுகியிருக்கிறது, அதை விரித்துவிட வழி உண்டு, பிறகு விவரமாகப் பேசுவோம் என்று டாக்டர் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து சொன்னார். தச்சர் காதில் அது விழுந்ததா என்று தெரியவில்லை. பையனுக்குக் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது, எச்சில் வழிந்தது. அவன் அப்பாவைப் பார்த்தான். பிறகு தன் இரண்டு கைகளாலும் தன் வாயைத் தானே இறுக்கிப் பொத்திக்கொண்டான்.

அக்கா தச்சரைத் திரும்பிப் பார்த்தார்.

"நான்தான்" என்றார் அவர். "துப்பக் கூடாதுன்னு வீட்ல நான்தான் இப்படிப் பொத்துவேன்."

அந்த அங்கியோடு மண்டி போட்டார். மகனுடைய விரல்களை ஒவ்வொன்றாக விலக்கினார். தன் உள்ளங்கையை அவன் மோவாய்க்குக் கீழே ஏந்தினார்.

"துப்பிடு கண்ணு. அப்பா கையிலயே துப்பிடு."

பையன் உடனே துப்பவில்லை. நிஜமாகத்தான் சொல்கிறாரா என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.