மூன்றாவது பதிவு

ஷீலா கச்சால் தீவுக்காரி. இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து அனுப்பப்பட்டு, அங்கே ரப்பர் தோட்டத்தில் குடியேற்றப்பட்ட குடும்பம். அவளுடைய அம்மா ஒச்சம்மா இன்றும் ரப்பர் பால் வெட்டப் போகிறார். அந்தக் குடியிருப்பில் பட்டம் வாங்கிய முதல் பெண் ஷீலாதான். சௌல்தாரி கிராமத்தில் காய்கறி பயிரிடும் எங்கள் வீட்டில் நான் முதல் பட்டதாரி. தீவுகளின் தலைநகரில், டெய்ரி ஃபார்ம் என்ற பகுதியில் ஒரே அறையில் தங்கி, ஒரே கம்பெனிக்குப் போனோம். அமெரிக்கப் பல் மருத்துவர்களின் நோயாளிகளோடு போனில் பேசி, நாள் குறித்துக் கொடுக்கும் வேலை.

சேர்ந்த முதல் வாரமே ஒரு தாள் கொடுத்தார்கள். எழுத்து வேறு, ஒலி ஒன்று என்றிருக்கும் ஆங்கிலச் சொற்கள், இரண்டிரண்டாக. எழுதுவதைக் குறிக்கும் ரைட்டும் சரி என்று பொருள்படும் ரைட்டும் ஒரே மாதிரி ஒலிக்க வேண்டும். அதுவும் அமெரிக்கர் வாயில் ஒலிப்பதுபோல. எழுத்துக்கூட்டிப் படித்தே வளர்ந்த எங்களுக்கு அது பிடிபடவில்லை. எழுத்து மாறினால் நாக்கும் தானாக மாறியது. நான் இரண்டு மாதத்தில் கைவிட்டேன். என்னை, தட்டச்சில் பதில் சொல்லும் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள்.

ஷீலா விடவில்லை. துணிக்கொடியில் சின்னக் கண்ணாடியைத் தொங்கவிட்டு, நாக்கு எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டே சொல்லுவாள். மெட்டல், மெடல் இரண்டும் அமெரிக்காவில் ஒன்றுதான் என்று தெரிந்த அன்று ஓடி வந்தாள்.

"இது நம்ம 'படம்'னு சொல்றப்ப வர்ற 'ட'தான் புள்ள. இதுக்கா ஆறு மாசம் செத்தேன்?"

பக்கத்து வீட்டு வங்காளி அக்கா, அவள் வாயைக் கோணுவதைப் பார்த்து, பல் வலியா என்று இந்தியில் விசாரித்தாள். பல் இல்லை தீதி, நௌக்ரி, பார்க்கிற வேலைதான் வலிக்கிறது என்றாள் ஷீலா. ஒன்றரை வருடத்தில் அவள் பேசினால் டெக்ஸாஸ்காரர்களே எந்த ஊர் என்று கேட்டார்கள். அம்மாவோடு போனில் பேசும்போதும் அவளுடைய 'ர' சுருண்டது. யாரு பேசுறது, ஷீலாவைக் கூப்பிடும்மா என்று ஒச்சம்மா ஒருமுறை சொன்னதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். வேலை நிரந்தரமானால் அம்மாவை இங்கே கூட்டிவந்து விடுவேன், பால் வெட்டும் கத்தியைத் தூக்கி எறியச் சொல்வேன் என்பாள்.

போன ஜூனில் புது மென்பொருள் வந்தது. நாம் எப்படிப் பேசினாலும், கேட்பவர் காதில் அமெரிக்கக் குரலாக விழும்; எல்லா அழைப்பும் இனி அதன் வழியாகத்தான் போகும். இனிப் பயிற்சியே வேண்டாம், இயல்பாகப் பேசினால் போதும் என்றார் மேலாளர் ரவிச்சந்திரன். எங்களைப் போன்ற தட்டச்சுக்காரர்களையும் போனுக்கு மாற்றினார். பன்னிரண்டு பேரில் எட்டுப் பேர் போதுமாம். எந்தக் குரலை மென்பொருள் சரியாக மாற்றுகிறது என்று பார்த்து முடிவு செய்வார்கள்.

ஷீலாவின் குரல் அதற்குள் போனதும் நொறுங்கியது. அது சாதாரண இந்திய ஆங்கிலத்துக்காகச் செய்யப்பட்டது. ஏற்கெனவே மாறிய குரலை அது மறுபடி மாற்றப் பார்த்தது. இயல்பா பேசுங்கம்மா என்று ரவிச்சந்திரன் மூன்று முறை சொன்னார்.

"எது சார் இயல்பு?" என்றாள் ஷீலா. "வீட்ல தோட்டத்துத் தமிழ், பஜார்ல இந்தி, பள்ளிக்கூடத்துல மலையாளி டீச்சர் இங்கிலீஷ். மிச்சம் நீங்க சொல்லிக் கொடுத்தது."

அவர் அடுத்த பெயரைக் கூப்பிட்டார். கேள்வியில் திமிர் இருப்பதாக நினைத்திருக்கலாம். எனக்கு அது மட்டும்தான் அந்த அறையில் கேட்கத் தகுந்த கேள்வியாகத் தெரிந்தது. ஆனாலும் நான் கணினியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் மதியம் நான்கு பேரைக் கேட்பவர்களாக உட்காரவைத்தார்கள். நானும் ஒருத்தி. பெயர் இல்லாமல் பன்னிரண்டு பதிவுகள். ஒவ்வொன்றுக்கும் புரிகிறது, புரியவில்லை என்று குறிக்க வேண்டும். மூன்றாவது பதிவில் சொற்கள் பாதியில் அறுந்தன. ஆனால் மூச்சு இழுத்துத் தொடங்கும் விதம் எனக்குத் தெரியும். இரண்டு வருடம் அதைக் கேட்டுத்தான் கண் விழித்தேன். புரியவில்லை என்று குறித்தேன். உண்மையைத்தான் குறித்தேன் என்று இன்றுவரை சொல்லிக்கொள்கிறேன். என் பதிவும் அந்தப் பன்னிரண்டில் இருந்தது என்பதை அதோடு சேர்த்துச் சொல்லிக்கொள்வதில்லை.

என் குரலை மென்பொருள் அழகாக மாற்றியது. எட்டுப் பேரில் நான் இருந்தேன், ஷீலா இல்லை.

ஹாடோ துறைமுகத்தில் கச்சால் கப்பலுக்கு நின்றிருந்தோம். அவள் கையில் ஒரு பை, கண்ணாடி, முதல் வாரம் கொடுத்த அந்தத் தாள். தாளை ஏன் எடுத்துப் போகிறாய் என்று நான் கேட்கவில்லை. வரிசை நகரும்போது அவள்தான் கேட்டாள்.

"கேக்க ஒக்காந்தியே, உமா. அதுல என் குரல் எதுன்னு ஒனக்குத் தெரிஞ்சுச்சா?"

"தெரியலடி."

அந்தத் தாளை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

"அப்ப நல்லாத்தான் மாறியிருக்கேன்" என்று சொல்லிவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு ஏறினாள்.