புள்ளி கடைசியாகத்தான் வரும்

சேலத்தில் நான் ஆராய்ச்சி மாணவியாக இருந்தபோது உடன் படித்தவள் ஒருத்தி வெண்ணந்தூரிலிருந்து பஸ்ஸில் வருவாள். வீட்டில் விசைத்தறி. அவளுக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. என்னைவிட இரண்டு வயது இளையவள் என்பதால் அக்கா என்று கூப்பிடுவாள். அவள் செல்போன் சாதாரண எழுத்தை வாசித்துவிடும். கணிதக் குறியீடு வந்தால் உளறும். அதனால் கட்டுரைகளை நான்தான் படித்துச் சொல்வேன்.

லாட்டிஸ் என்ற பாடம் அவளுக்குச் சுலபம். எது எதற்குள் அடங்கும், இரண்டுக்கும் பொதுவானது எது, இரண்டையும் சேர்த்தால் என்ன வரும் என்ற உறவுகள்தானே அந்த இயற்கணிதம். வெளிகளைப் பற்றிய டோபாலஜி வந்தபோது, எப்படிச் சொல்வதென்று தெரியாமல் நான்தான் திணறினேன். எங்கள் பேராசிரியர் எதற்கெடுத்தாலும் பலகையில் ஒரு வட்டம் போட்டு உள்ளே புள்ளி வைப்பார். விளிம்பு சேராத அந்த உட்பகுதிதான் திறந்த கணம். அதை அவள் உள்ளங்கையில் விரலால் வரைந்துகூடப் பார்த்தேன்.

ஒரு மத்தியானம் அவள் கையை இழுத்துக்கொண்டாள்.

"படம் வேண்டாமுங்க அக்கா. எந்தத் திறந்த கணம் எதுக்குள்ள இருக்குதுன்னு மட்டும் சொல்லுங்க. புள்ளிய நான் கண்டுபுடிச்சுக்கறேன்."

எனக்குச் சற்றுக் கோபம். புள்ளியே இல்லாமல் வெளி ஏது என்று கேட்டேன். அவள் நிதானமாக விளக்கினாள். ஒரு புள்ளியைத் தன்னுள் கொண்ட திறந்த கணங்கள் எல்லாம் ஒரு கூட்டம். அதில் ஒன்று இருந்தால் அதை உள்ளடக்கிய பெரியதும் இருக்கும். அதிலுள்ள எந்த இரண்டுக்கும் பொதுவான பகுதியும் அதிலேயே இருக்கும். பல கணங்கள் சேர்ந்து உண்டான ஒன்று இருந்தால், சேர்ந்தவற்றில் ஒன்றாவது இருந்தே தீரும். இந்த விதிகளில் புள்ளி என்ற சொல்லே இல்லை. அப்படியானால் விதிகளுக்கு உட்பட்ட கூட்டத்தையே புள்ளி என்று வைத்துக்கொள்ளலாமே என்றாள்.

நான் பரீட்சைக்கு மனப்பாடம் செய்த தேற்றம்தான் அது. சமதளம் போன்ற வெளிகளில் அப்படிக் கிடைப்பவை பழைய புள்ளிகளேதான்; ஒன்று கூடாது, ஒன்று குறையாது. அன்றுதான் முதன்முறையாக அது எனக்குப் புரிந்தது. வெறும் உறவுகளிலிருந்து ஒரு வெளி முழுவதும் எழுந்து வந்துவிடுகிறது.

அடுத்த வாரக் கருத்தரங்கில் சாக்பீஸைத் தொடாமலே அவள் பேசினாள். பேராசிரியர் பொறுக்காமல் புள்ளி எங்கே என்று கேட்டார்.

"அது கடைசியாத்தானுங்க சார் வரும்."

முடிந்ததும் அவர் பின் பெஞ்சில் போய் உட்கார்ந்து, முதலிலிருந்து இன்னொரு தரம் சொல்லச் சொன்னார்.

அவள் இப்போது நாமக்கல்லில் ஒரு கல்லூரியில் பாடம் எடுக்கிறாள். நானும் ஓமலூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் பாடம் எடுக்கிறேன். அந்தத் தேற்றம் நடத்தும் நாளில் மட்டும், மணி அடிப்பதற்குப் பத்து நிமிடம் முன்பே வகுப்பறை வாசலில் போய் நின்றுவிடுகிறேன்.