பித்தக் குழாயில் சிக்கிய கல்

திருவெறும்பூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் நான் ஃபிட்டர். என் மனைவி பத்தாவது வரை படித்தவள், வீட்டிலேயே பிளவுஸ் தைக்கிறாள். இன்று நான் நடமாடிக்கொண்டிருப்பது அவளால்தான். இதை யாரிடம் சொல்லவும் எனக்குக் கூச்சமில்லை.

பல மாதங்களாகவே வயிற்றுவலி இருந்தது. பிரியாணி சாப்பிட்டால் வலது விலாவுக்குக் கீழே பிடித்து, முதுகு வரை இழுக்கும். ஸ்கேனில் பித்தப்பையில் கற்கள் என்று வந்தது. ஆபரேஷன் செய்யச் சொன்னார்கள். வலி அடங்கியதும் ஷிப்டைக் காரணம் காட்டித் தள்ளிப்போட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, காப்பி டம்ளரை நீட்டியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"கண்ண நல்லா தொறங்க. மஞ்சளா இருக்கு."

அன்று ஸ்ரீரங்கத்திலிருந்து என் அக்காவும் வந்திருந்தாள். "மஞ்சக்காமாலைதான் தம்பி. கீழாநெல்லிய அரைச்சு மோர்ல குடி, எண்ணெய் தொடாத. சரியாயிடும்" என்றாள். நானும் தலையாட்டினேன்.

மனைவி என்னை உள்ளே அழைத்துப்போய்த் தாழ்ந்த குரலில் கேட்டாள்: "வெளிய போனா என்ன கலர்ல போகுது?"

இருபது வருஷக் குடித்தனத்தில் நாங்கள் இதைப் பேசியதே இல்லை. மழுப்பிப் பார்த்தேன். அவள் விடவில்லை.

"வெள்ளையா... களிமண்ணு மாதிரி. மூணு நாளா."

"நீங்க உடம்பெல்லாம் சொறியறதும் மூணு நாளாத்தான்" என்றாள்.

வெளியே வந்து அக்காவிடம் சொன்னாள்: "கோவிச்சுக்காதீங்க அண்ணி. கல்லு இருக்குன்னு ஏற்கனவே தெரியும். இது சாதாரண காமாலையான்னு டாக்டர் பார்த்துச் சொல்லட்டும். இப்பவே போயிடலாம்."

அக்காவின் முகம் சுருங்கியது. ஆனாலும் ஆட்டோவில் எங்களோடு ஏறிக்கொண்டாள். பாதி வழியில் எனக்குக் குளிர்காய்ச்சல் கண்டு, பல் கிட்டிக்கொள்கிற மாதிரி நடுக்கம்.

தென்னூர் மருத்துவமனையில் டாக்டர் கேட்டபோது, "லேசா வலி சார், வேற ஒண்ணுமில்ல" என்றேன். அவள் குறுக்கிட்டாள். வலி வந்த நாள், அரிப்பு, மலத்தின் நிறம், நடுக்கம் என்று ஒன்று விடாமல் வரிசையாகச் சொன்னாள்.

"உங்களவிட உங்க வீட்டம்மா தெளிவா சொல்றாங்க" என்ற டாக்டர், உடனே ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார். பையிலிருந்து நழுவிய கல் பித்தக் குழாயை அடைத்திருக்கிறது. பித்தநீர் குடலுக்கு இறங்காததால் மலம் வெளுத்துவிட்டது. அது ரத்தத்தில் கலந்ததால் கண் மஞ்சளாகிவிட்டது. குழாயில் கிருமி சேர்ந்ததால்தான் நடுக்கம், இனி தாமதிக்கக் கூடாது என்றார்.

மறுநாள் காலை மயக்கம் கொடுத்து, வாய் வழியாகக் குழாய் விட்டுக் கல்லை எடுத்தார்கள்.

அவள்தான் கேட்டாள்: "பை அப்படியே இருக்கட்டுமா சார்? மறுபடி கல்லு நழுவாதா?"

"நழுவலாம்மா. காய்ச்சல் அடங்கினதும் பையையும் எடுத்துடுவோம்."

இந்தத் தடவை ஷிப்ட் என்ற பேச்சையே நான் எடுக்கவில்லை. அதே வாரம் வயிற்றில் சின்னச் சின்னத் துளைகள் போட்டுப் பித்தப்பையை அகற்றினார்கள்.

மறுநாள் வார்டில் கண்ணை மூடிப் படுத்திருந்தேன். பக்கத்தில் அக்கா போனில் யாரிடமோ உரக்கப் பேசிக்கொண்டிருந்தாள்: "நான் கீழாநெல்லின்னுதான் சொன்னேன். என் தம்பி பொண்டாட்டி கேக்கல. அவ கேக்காததுனாலதான் அவன் பொழைச்சான். எங்க வீட்டுக்கு வந்தவ அப்படிப்பட்டவ!"

நான் கண்ணைத் திறக்கவில்லை. அக்கா இன்னும் கொஞ்ச நேரம் பேசட்டும் என்றிருந்தது.