சுவிட்ச் பக்கம் நின்றவன்

என் தங்கையைக் கட்டியவன், என்னோடு லிஃப்ட் ரிப்பேர் வேலை பார்ப்பவன், ஓயாமல் என் உயிரை வாங்குபவன் எல்லாம் ஒரே ஆள்தான். மச்சான் என்றே கூப்பிடுவேன், அவனும் என்னை அப்படித்தான். ஓரிடத்தில் உட்கார மாட்டான். சாப்பிடும்போதே செருப்பைத் தேடுகிற ஆள். முதலில் சாயங்காலமானால் காணாமல் போனான். பிறகு மத்தியானமே. அப்புறம் காலையில் வரும்போதே கண் சிவந்திருந்தது.

எங்கள் வேலை இரண்டு பேர் வேலை. ஒருவன் லிஃப்ட் கூண்டின் தலைமேல் நிற்பான். இன்னொருவன் மொட்டைமாடி மோட்டார் அறையில், சுவிட்ச் பக்கம். "போடலாமா?" என்று மோட்டார் அறையில் இருப்பவன் கேட்க வேண்டும். "போடு" என்று கூண்டிலிருந்து பதில் வந்தால்தான் சுவிட்சில் கை வைக்க வேண்டும். போன மாதம் ஒரு நாள் காலையில் மோட்டார் அறையிலிருந்து அவன் கேட்டான், நான் "இரு, இரு" என்று கத்தினேன், அவன் போட்டுவிட்டான். கூண்டு கிளம்பி, என் சட்டைக் கையைச் சக்கரம் இழுத்துக்கொண்டது. பக்கத்திலிருந்த பட்டனை எட்டி அடித்து நிறுத்தினேன். கிழிந்தது சட்டை மட்டும்தான்.

"ஜெனரேட்டர் சத்தத்துல நீ சொன்னது காதுல விழல மச்சான்" என்றான். வாயிலிருந்து சாராய வாடை குப்பென்று அடித்தது. சூப்பர்வைசரிடம் சொன்னால் அன்றே அவன் சீட்டு கிழியும், தங்கை வீட்டில் அடுப்பு எரியாது. சொல்லவில்லை. ஆனால் அன்று மாலை தங்கை எதிரிலேயே முகத்துக்கு நேராகச் சொன்னேன்.

"குடியை விட நினைக்கிறவங்க கூட்டம் ஒண்ணு நடக்குதாம். வந்தா வா. இல்லைன்னா இனிமே உன்னோட வேலைக்கு ஏற மாட்டேன். ஏன்னு ஆபீஸ்ல கேட்டா மறைக்கவும் மாட்டேன்."

தங்கை அவன் செருப்பை எடுத்து வாசலில் போட்டாள்.

கூட்டத்துக்கு எங்கள் தெரு கிளினிக் நர்ஸ் சொன்ன முகவரி ஒரு பள்ளிக்கூடம். முதல் வாரம் அறை மாறி உட்கார்ந்துவிட்டோம். அது சர்க்கரை நோயாளிகள் கூட்டம். மச்சான் அங்கே ஆடாமல் அசையாமல் உட்கார்ந்தான், கால் புண்ணைப் பற்றிச் சந்தேகம்கூடக் கேட்டான். வெளியே வந்ததும், "நல்லாத்தான் பேசுறாங்க. அடுத்த வாரமும் இங்கேயே வந்துடலாம்" என்றான். தலையில் ஒன்று போடலாம் போலிருந்தது.

மறுவாரம் சரியான அறையைக் கண்டுபிடித்தோம். ஒன்றாம் வகுப்பு. பெஞ்சுகள் முழங்கால் உயரம்கூட இல்லை, எல்லோரும் காலை மடக்கத் தெரியாமல் திண்டாடிக்கொண்டிருந்தார்கள். கூட்டத்தை நடத்தியவர் ஒரு தையல்காரர். அவரும் ஒரு காலத்தில் மொடாக்குடியராம். துணைக்கு வந்தவர்களும் உட்காரலாம் என்றார்.

"ஒருத்தர் பேசுறப்ப யாரும் பதில் சொல்லக் கூடாது. ஆறுதலும் வேணாம், திட்டும் வேணாம். கேட்டுக்கிட்டா போதும்."

மச்சான் தண்ணீர் குடிக்க எழுந்தான். ஜன்னல் கொக்கியைச் சரிசெய்தான். மறுபடியும் தண்ணீர். போனைப் பார்த்தான், வாசலைப் பார்த்தான். திரும்பவும் எழுந்தபோது சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தேன். ஒரு லாரி டிரைவர் பேசினார், அவருக்குப் பிறகு ஒரு டீச்சர் பேசினார். தையல்காரர் எங்கள் பக்கம் திரும்பி, "பேசியே ஆகணும்னு கட்டாயம் இல்ல" என்றார்.

மச்சான் எழுந்தான். வெளியேதான் ஓடப்போகிறான் என்று நினைத்தேன். நின்றபடியே பேசினான்.

"நான் லிஃப்ட் மெக்கானிக். கூண்டு மேல இவன் நின்னுட்டு இருந்தான், என் மச்சான். சத்தத்துல கேக்கலன்னு இவன்கிட்ட சொல்லியிருக்கேன். கேட்டுச்சு. இரு, இருன்னு நல்லாவே கேட்டுச்சு. வேலை சீக்கிரம் முடிஞ்சா கடைக்குப் போயிடலாம்னு கை பறந்துச்சு. கேட்டுட்டுத்தான் போட்டேன்."

உட்கார்ந்தான். அதன்பிறகு அசையவில்லை. இப்போது என் கால் ஆடத் தொடங்கியது. நாக்கு நுனிவரை வந்ததைச் சொல்ல முடியாது, கூட்டத்தின் விதி அப்படி. கூண்டின் மேல் நின்று இத்தனை வருஷம் கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லிப் பழகிய வாய் எனக்கு. அவனை அங்கேயே நாலு சாத்து சாத்த வேண்டும்போல் ஆத்திரம் வந்தது. கூடவே அழுகையும் வந்து தொலைத்தது. தண்ணீர் குடிக்க நான் எழுந்து போனேன்.

கூட்டம் முடிந்து படி இறங்கினோம். தெருவுக்கு வந்த பிறகு அவன்தான் ஆரம்பித்தான்.

"நாளைக்கு வேற ஆளைக் கூட்டிக்கிறியா?"

"வேணாம். நீ கூண்டு மேல ஏறு. சுவிட்ச் பக்கம் நான் நிக்கிறேன்."

அவன் நின்று என் முகத்தைப் பார்த்தான்.

"கோபமா இருக்கியா மச்சான்?"

"ஆமா."

"சரி" என்றான். "ஏறுறேன்."