விற்பனைக்கு இல்லாத மடக்குக் கத்தி

மடக்குக் கத்தி சேர்க்கப்போகிறேன் என்றதும் நண்பர்கள் கேட்ட ஒரே கேள்வி, “எந்த வகை?” கண்டதையெல்லாம் வாங்கினால் வீடுதான் நிறையும் என்றார்கள்.

மீனவர்கள் கடலுக்குக் கொண்டுபோகும் கத்திகள் என்று முடிவெடுத்து, இன்று காலை சாய்ந்தமருதுக் கடற்கரைக்குப் போனேன்.

தோணியருகே வலையைச் சரிபார்த்துக்கொண்டிருந்த ஒருவரிடம் மரப்பிடி தேய்ந்த கத்தியொன்று இருந்தது.

“காக்கா,” என்று அண்ணன் முறையில் கூப்பிட்டேன். “இதத் தருவீங்களா? புதுசொண்டு வாங்கித் தாறன்.”

அவர் கத்தியை மடக்கி மடியில் வைத்தார்.

“ஏலா தம்பி. ஒருநாள் வலை இறக்கக்குள்ள கயிறு என்ட தம்பிட கால்ல சுத்தி, அவன கடலுக்குள்ள இழுத்துட்டு. நான் பாய்ஞ்சி இதாலதான் அறுத்தன்.”

“தப்பிட்டாரா?”

“ஓம், அல்ஹம்துலில்லாஹ். அந்தா, மீன் பிரிக்கிறான்.”

தம்பி நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். அவருடைய கணுக்காலைச் சுற்றி ஆழமான தழும்பு.

ஸலாம் சொல்லிவிட்டு வெறுங்கையோடு திரும்பினேன். ஆனால் எதைச் சேர்ப்பது என்பது தெளிவாகிவிட்டது.

உங்கள் வீட்டில் பழைய மடக்குக் கத்தி இருந்தால் எனக்குத் தர வேண்டாம். அது எதை அறுத்தது என்று மட்டும் கீழே எழுதுங்கள்.

கத்தியே இல்லாத கத்திச் சேகரிப்புக்கு என் மனைவியும் சம்மதித்துவிட்டாள்.